சிறுநீரக நோயும் காப்புறுதியும்: விவசாயக் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை

வவுனியா மாவட்டத்தில் ஒரு குளக்கட்டின் ஓரமாக அமைந்த வீட்டை எண்ணிப் பாருங்கள். இரண்டு ஏக்கர் வயல், சிறிய தோட்டம், நாலைந்து ஆடுகள். குடும்பத் தலைவருக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது. மூன்று வருடங்களுக்கு முன் அவருக்குச் சிறுநீரக நோய் இருப்பதாக வைத்தியர் சொன்னார். இப்போது வாரத்தில் இரண்டு நாட்கள் வைத்தியசாலைக்குச் சென்று ‘டயலிசிஸ்’ எனப்படும் குருதிச் சுத்திகரிப்புச் செய்துகொள்கிறார். வீட்டு மேசையில் கிளினிக் கொப்பியும் காப்புறுதிக் கம்பனியின் கடிதமும் கிடக்கின்றன. ஏழு வருடங்களுக்கு முன், நல்ல விளைச்சல் கண்ட ஒரு போகத்தின் பின் எடுத்த பத்திரம் அது. இரண்டு தவணைகள் நிலுவையில் இருக்கின்றன.

“இஞ்சாருங்கோ, இதைக் கட்டுறதோ, பிள்ளையின்ர ரியூசன் காசைக் கட்டுறதோ?” என்று மனைவி கேட்கிறார். அவரிடம் பதில் இல்லை.

இது தனியொரு குடும்பத்தின் கதை அன்று. வறண்ட வலயத்தின் பல கிராமங்களில் இன்று கேட்கப்படும் கேள்வி இது. இதற்கு விடை காண வேண்டுமாயின் நோயைப் பற்றியும், அதன் உண்மையான செலவைப் பற்றியும், காப்புறுதி எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பற்றியும் நாம் தெளிவு பெற வேண்டும்.

சத்தமின்றி வரும் நோய்

நமது உடலிலுள்ள இரண்டு சிறுநீரகங்களிலும் தலா பத்து இலட்சம் அளவில் நுண்ணிய வடிகள் உள்ளன. இவை நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லீற்றர் திரவத்தைக் குருதியிலிருந்து வடித்து, தேவையானவற்றைத் திருப்பிக் கொடுத்து, ஒன்று முதல் இரண்டு லீற்றர் வரையான சிறுநீராகக் கழிவை வெளியேற்றுகின்றன. குருதி அமுக்கத்தைச் சீராக வைத்திருப்பதற்கும் புதிய குருதிக் கலங்கள் உருவாவதற்கும் சிறுநீரகங்களே துணைபுரிகின்றன.

இந்த வடிகளில் பெரும்பகுதி பழுதடையும் வரை உடல் எந்த அடையாளத்தையும் காட்டாதிருக்கலாம். களைப்பு, பசியின்மை, கால் வீக்கம், மூச்சுத்திணறல் என்று வெளியே தெரியும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். வைத்தியர்கள் இந்நோயை ஐந்து நிலைகளாகப் பிரிக்கின்றனர். சிறுநீரகத்தின் வடிக்கும் திறன் 15க்குக் கீழே இறங்குவதே ஐந்தாம் நிலை. அந்நிலையில் குருதிச் சுத்திகரிப்போ மாற்றுச் சிறுநீரகமோ தேவைப்படுகிறது.

நீரிழிவும் உயர் குருதி அமுக்கமுமே உலகெங்கும் இந்நோய்க்கான முக்கிய காரணங்கள். ஆனால் 1990களில் பதவியா, மெதவச்சி போன்ற பகுதிகளில், இவ்விரண்டும் இல்லாத விவசாயிகளிடையே சிறுநீரக நோய் பரவலாகக் காணப்பட்டது. உலக சுகாதார ஸ்தாபனமும் இலங்கைச் சுகாதார அமைச்சும் மேற்கொண்ட ஆய்வு, வடமத்திய, ஊவா மாகாணங்களின் பாதிக்கப்பட்ட பகுதிகளில் 15 முதல் 70 வயது வரையானோரில் நூற்றுக்குச் சுமார் 15 பேருக்கு இந்நோய் இருப்பதாகக் கண்டது. வவுனியாவும் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்றாகும். குடிநீரின் தன்மை, விவசாய இரசாயனங்கள், கடும் வெயிலில் நீரின்றி உழைத்தல் எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டுள்ளன. இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் சுட்டிக்காட்ட முடியவில்லை.

இலவச வைத்தியத்தில் இலவசமில்லாத பகுதி

நமது நாட்டு அரச வைத்தியசாலைகளில் குருதிச் சுத்திகரிப்புக்குக் கட்டணம் அறவிடப்படுவதில்லை. இது பெரும் பாக்கியம். இருந்தும் குடும்பங்கள் கடனில் மூழ்குவது ஏன்?

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வாரத்துக்கு இரண்டு தடவை என்றால் வருடத்துக்கு 104 தடவை. நோயாளியால் தனியே செல்ல முடியாது. துணைக்கு ஒருவர் போக வேண்டும். ஒரு வழிப் பயணத்துக்கு ஆளுக்கு 150 ரூபா என்று வைத்துக்கொண்டாலும், இருவர் போய்வர ஒரு நாளுக்கு 600 ரூபா. வருடத்துக்கு 62,400 ரூபா. இது பஸ் காசு மட்டுமே. சிகிச்சை முடிந்தபின் தலைசுற்றி, பஸ்ஸில் நிற்க முடியாமல் முச்சக்கரவண்டி பிடித்தால் செலவு பலமடங்காகும்.

இனி வேலை நாட்களைப் பார்ப்போம். ஒரு தடவை சுத்திகரிப்புக்கு ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் செல்லும். பயணத்தையும் காத்திருப்பையும் சேர்த்தால் முழு நாளும் போய்விடும். நோயாளியின் உழைப்பு ஏற்கெனவே நின்றுவிட்டது. துணைக்குச் செல்பவரின் 104 நாள் கூலியும் அத்துடன் போகிறது. வைத்தியசாலையில் கையிருப்பு இல்லாத ஊசிமருந்தையும் மாத்திரையையும் வெளியே வாங்க நேரிடுகிறது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது மருந்துத் தட்டுப்பாட்டால் நோயாளிகள் பட்ட துன்பத்தை நாம் மறந்துவிட முடியாது.

முதலில் நகை அடகுக்குப் போகிறது. அடுத்து ஆடு மாடுகள். பின் நுண்கடன். இறுதியில் வயல் ஈட்டுக்குப் போகிறது. இந்த வரிசையில் எங்கோ ஓரிடத்தில்தான் காப்புறுதித் தவணையும் நின்றுபோகிறது.

காப்புறுதி எப்போது எடுக்க வேண்டியது?

காப்புறுதி என்பது நமக்குப் புதிய விடயமன்று. நமது ஊர்களிலுள்ள மரணாதாரச் சங்கம் ஒரு காப்புறுதியே. எல்லோரும் மாதந்தோறும் சிறுதொகை கட்டுகிறோம். எந்த வீட்டில் மரணம் நிகழும் என்று யாருக்கும் தெரியாது. நிகழும் வீட்டுக்கு எல்லோருடைய பணமும் போகிறது. தெரியாத ஆபத்தைப் பலர் சேர்ந்து சுமப்பதே இதன் தத்துவம்.

மரணம் நிகழ்ந்தபின் ஒருவர் வந்து, “இன்று அங்கத்தவராகிறேன், நாளைக்குப் பணம் தாருங்கள்” என்றால் சங்கம் ஒப்புக்கொள்ளுமா? காப்புறுதிக் கம்பனியும் அவ்வாறே நடந்துகொள்கிறது. தீ பிடித்தபின் வீட்டுக்குக் காப்புறுதி இல்லை. சிறுநீரக நோய் என்று எழுதப்பட்டபின் அந்நோய்க்குக் காப்புறுதி கிடைப்பது மிக அரிது. கிடைத்தாலும் அந்நோயை விலக்கிவைத்தோ கூடிய கட்டணம் கேட்டோதான் கிடைக்கும்.

இதைவிட ஆழமான காரணமும் ஒன்றுண்டு. விபத்து ஒருமுறை வந்து போவது. குருதிச் சுத்திகரிப்போ ஒவ்வொரு வாரமும், வருடக்கணக்கில் தொடர்வது. நிச்சயமாக வரப்போகும் செலவை எந்தக் கம்பனியும் சிறிய தவணைக்கு ஏற்காது. ஆகவே நோயாளியாகிவிட்ட ஒருவர், கடன்பட்டாவது புதிய காப்புறுதி எடுக்க முயல்வது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பது போன்றதாகும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. “நோயைப் பற்றி எழுத வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லும் முகவரை நம்பாதீர்கள். விண்ணப்பப் படிவத்தில் உண்மையை மறைத்தால், பின்னர் கோரிக்கை வரும்போது கம்பனி அதை நிராகரிக்க இடமுண்டு. கட்டிய பணமும் வீணாகலாம். கையொப்பம் உங்களுடையது. பொறுப்பும் உங்களுடையதே.

கையில் பத்திரம் இருந்தால்

நாம் தொடக்கத்தில் பார்த்த குடும்பத்தின் நிலை வேறு. பத்திரம் எடுத்தது ஏழு வருடங்களுக்கு முன்; நோய் கண்டது மூன்று வருடங்களுக்கு முன். அதாவது நோய்க்கு முந்திய பத்திரம். இதைக் கைவிட்டால், இதே போன்ற இன்னொன்றை அவர் இனி எடுக்க முடியாது. எனவே தவணையை நிறுத்துமுன் பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, பத்திரத்தை முழுமையாக வாசிக்க வேண்டும். மொழி விளங்காவிடில் ஆசிரியரையோ சங்கச் செயலாளரையோ உதவிக்கு அழையுங்கள். அது ஆயுள் காப்புறுதி மட்டுமா, வைத்தியசாலைச் செலவுக்கும் பாரிய நோய்களுக்கும் மேலதிக அனுகூலம் உள்ளதா என்று பாருங்கள். பாரிய நோய்ப் பட்டியலில் சிறுநீரகச் செயலிழப்பு இருப்பது வழக்கம். ஆனால் எந்த நிலை நோய்க்கு அனுகூலம் கிடைக்கும் என்பது பத்திரத்துக்குப் பத்திரம் வேறுபடும்.

இரண்டாவது, வைத்தியசாலையில் தங்கிய நாளுக்குப் பணம் தரும் பத்திரங்கள் பலவற்றில், இரவு தங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. காலையில் போய் மாலையில் திரும்பும் குருதிச் சுத்திகரிப்பு அதில் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். விடுதியில் தங்கிச் சிகிச்சை பெற்ற ஒவ்வொரு முறையும் நோய் நிர்ணய அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். அரச வைத்தியசாலையில் தங்கினாலும் இத்தகைய அனுகூலத்தைக் கோர இடமுண்டா என்பதையும் கேட்டறியுங்கள். இலவசச் சிகிச்சைதானே என்று எண்ணிக் கோராமல் விட்டவர்கள் பலர்.

மூன்றாவது, சில பத்திரங்களில் காப்புறுதி செய்தவர் நிரந்தரமாக உழைக்க முடியாதவரானால், எஞ்சிய தவணைகளைக் கட்டத் தேவையில்லை என்ற வாசகம் இருக்கும். அது இருக்கும் குடும்பம், கட்டத் தேவையில்லாத பணத்தைக் கடன் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கலாம்!

நான்காவது, தவணை தவறினால் சிறிது காலம் சலுகை உண்டு. அக்காலம் கடந்தால் பத்திரம் காலாவதியாகும். மீண்டும் உயிர்ப்பிக்கும்போது உடல்நலம் பற்றிப் புதிதாக உறுதிமொழி கேட்பார்கள். சிறுநீரக நோயாளிக்கு அங்கே கதவு மூடப்படலாம். எனவே பணம் இல்லாதபோது கடிதத்தை ஒளித்துவைக்காமல், உடனே கம்பனிக்குச் செல்லுங்கள். தவணையை மாதத்துக்கு மாதமாகப் பிரிக்கலாமா, காப்புறுதித் தொகையைக் குறைத்துக்கொண்டு தவணையை நிறுத்தலாமா என்று கேளுங்கள்.

நியாயமான கோரிக்கை நிராகரிக்கப்பட்டால், முதலில் கம்பனிக்கே எழுத்தில் முறையிட வேண்டும். அதிலும் தீர்வு கிடைக்காவிடில் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமோ இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமோ முறையிடலாம்.

செல்வந்த நாடு கற்ற பாடம்

“நம் நாடு ஏழை நாடு, பணக்கார நாடுகளில் எல்லோருக்கும் காப்புறுதி இருக்கும்” என்று நாம் எண்ணுவதுண்டு. அமெரிக்காவின் அனுபவம் வேறொன்றைச் சொல்கிறது.

1960இல் சியாற்றில் நகரில் வைத்தியர் பெல்டிங் ஸ்கிறிப்னர், குழாயொன்றைக் கையில் நிரந்தரமாகப் பொருத்தி, திரும்பத் திரும்பக் குருதியைச் சுத்திகரிக்கும் வழியைக் கண்டார். அதுவரை மரணம் நிச்சயமாயிருந்தவர்கள் பல வருடங்கள் வாழத் தொடங்கினர். ஆனால் இயந்திரங்கள் சில. செலவோ மிக அதிகம். யாருக்குச் சிகிச்சை அளிப்பது என்று தீர்மானிக்க அந்நகரில் பொதுமக்கள் அடங்கிய குழுவொன்று அமைக்கப்பட்டது. யார் வாழ்வது, யார் சாவது என்பதைச் சிலர் கூடிப் பேசித் தீர்மானித்தனர்.

1971 நவம்பரில் நோயாளி ஒருவர் அந்நாட்டுப் பாராளுமன்றக் குழுவின் முன்னிலையிலேயே இயந்திரத்துடன் இணைந்தபடி சாட்சியம் அளித்தார். 1972 ஒக்ரோபர் 30ஆந் திகதி சட்டம் நிறைவேறியது. 1973 ஜூலை முதல் சிறுநீரகம் செயலிழந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர், எந்த வயதினராயினும், ‘மெடிகெயார்’ என்ற பொதுக் காப்புறுதியில் சேர்க்கப்பட்டனர். தனியார் காப்புறுதி இந்நோயைத் தாங்காது என்பதைச் செல்வந்த நாடும் ஏற்றுக்கொண்டது.

ஆயினும் அங்கும் துன்பம் முற்றாக நீங்கவில்லை. வைத்தியசாலைக்குச் சென்று சுத்திகரிப்புச் செய்பவருக்குப் பொதுவாக நான்காம் மாதத்திலிருந்தே அக்காப்புறுதி தொடங்குகிறது. சிகிச்சைச் செலவில் நூற்றுக்கு 20 பங்கு நோயாளியைச் சாரும். அதைச் சமாளிக்க இன்னொரு காப்புறுதி எடுத்து, அதற்கும் தவணை கட்டுகின்றனர். வேலையை இழந்தவர் வேலையோடு வந்த காப்புறுதியையும் இழக்கிறார். நமது இலவச வைத்தியசேவையின் பெறுமதியை இதிலிருந்து உணரலாம். அது நாம் ஒவ்வொருவரும் வரியாகத் தவணை கட்டிவரும் மிகப் பெரிய காப்புறுதி. அதைப் பாதுகாக்க வேண்டியதும் நாமே.

கேட்டுப் பெற வேண்டியவை

நமது நாட்டில் சிறுநீரக நோயாளருக்கான மாதாந்தக் கொடுப்பனவு 2024இல் 7,500 ரூபாவாகவும், 2025இல் 10,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. மேலே போட்ட கணக்கின்படி இதில் பாதிக்கு மேல் பஸ் காசுக்கே போய்விடும். எனினும் இது கைவிட முடியாத உதவி. பிரதேச செயலகத்தில் வைத்திய அறிக்கையுடன் விண்ணப்பிக்க வேண்டும். கிராம அலுவலரின் உதவியைப் பெறுங்கள்.

சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை போன்ற பெருஞ்செலவுகளுக்கு ஜனாதிபதி நிதியத்திடம் உதவி கோரலாம். முன்னர் கொழும்புக்கு அலைய வேண்டியிருந்தது. 2025 முதல் பிரதேச செயலகங்கள் ஊடாகவும் விண்ணப்பிக்க வழி செய்யப்பட்டது.

குடும்பத்தில் அரச ஊழியர் ஒருவர் இருந்தால், ‘அக்ரஹார’ காப்புறுதியில் யார் யார் அடங்குவர் என்பதை அவரது அலுவலகத்தில் விசாரியுங்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொடங்கிய விவசாயிகள் ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்து பணம் கட்டியவர்கள், உழைக்க முடியாத நிலைக்கான அனுகூலம் பற்றிக் கமநல சேவை நிலையத்தில் கேட்டறியலாம். பழைய பற்றுச்சீட்டுகளைத் தேடி எடுத்துச் செல்லுங்கள்.

வீட்டிலிருந்தே வயிற்றறை வழியாகச் சுத்திகரிப்புச் செய்யும் முறையும் உண்டு. தூய்மையான அறையும் பயிற்சி பெற்ற ஒருவரும் இருந்தால், பயணச் செலவு பெருமளவு குறையும். இது தமக்குப் பொருந்துமா என்று வைத்தியரிடம் கேட்க நோயாளிகள் தயங்கக் கூடாது. மாற்றுச் சிறுநீரகம் வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகர்களிடம் மட்டும் எச்சரிக்கையாயிருங்கள். உறுப்புகளை விற்பதும் வாங்குவதும் 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தின்படி குற்றமாகும்.

ஊர் கூடிச் செய்யக்கூடியவை

கம்பனியால் முடியாததை ஒரு கிராமம் ஓரளவு செய்ய முடியும். நூறு குடும்பங்கள் மாதம் 100 ரூபா வீதம் சேர்த்தால் 10,000 ரூபா. ஒரு நோயாளியினதும் துணையினதும் மாதப் பஸ் செலவு நமது கணக்குப்படி 5,200 ரூபா. ஆகவே இருவருடைய பயணச் செலவை ஏறத்தாழ முழுமையாகவே அந்தச் சிறு நிதி தாங்கும். மரணாதாரச் சங்கமோ மாதர் சங்கமோ சிக்கனக் கடனுதவிச் சங்கமோ இதைத் தொடங்கலாம்.

ஆனால் சில விதிகள் அவசியம். சுகமாயிருக்கும்போதே எல்லோரும் சேர வேண்டும். நிதி எதற்கு, எவ்வளவு, எத்தனை மாதம் என்பது முன்னரே எழுதப்பட வேண்டும். பணம் வங்கியில் இருக்க வேண்டும். கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும். சிகிச்சைச் செலவை ஏற்பதாக வாக்குக் கொடுத்துவிடக் கூடாது. பயணம், துணை, மருந்து இவற்றுக்கே இது போதுமானது. ஒரே ஊர் நோயாளிகளுக்கு ஒரே நாளில் சிகிச்சை தரும்படி வைத்தியசாலையைக் கேட்டு, ஒரு வானில் சேர்ந்து சென்றால் செலவும் அலைச்சலும் குறையும்.

அதைவிட மலிவான காப்புறுதி ஒன்றுண்டு. அது பரிசோதனை. நீரிழிவோ உயர் குருதி அமுக்கமோ உள்ளவர்களும், பாதிக்கப்பட்ட பகுதிகளில் வாழும் விவசாயிகளும் வருடத்துக்கு ஒருமுறையாவது சிறுநீரில் புரதமும் குருதியில் கிரியற்றினினும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆரம்ப நிலையில் கண்டுபிடித்தால், குருதி அமுக்கத்தையும் சீனியையும் கட்டுப்படுத்தி, நோய் முற்றுவதைப் பல வருடங்கள் பின்போட முடியும். வயலில் உடம்பு நோகும்போதெல்லாம் கடையில் வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகளை நிறுத்துங்கள். அவை சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. வெயிலில் வேலை செய்யும்போது நல்ல நீரைப் போத்தலில் எடுத்துச் சென்று அடிக்கடி குடியுங்கள்.

மீண்டும் அந்த மேசைக்கு

மேசைமீது கிடக்கும் கடிதத்துக்கு என்ன பதில்? ரியூசன் காசை நிறுத்தியோ நுண்கடன் எடுத்தோ தவணையைக் கட்டும்படி நாம் சொல்ல மாட்டோம். பத்திரத்தைக் கிழித்தெறியவும் சொல்ல மாட்டோம். அடுத்த கிளினிக் நாளில், வைத்தியசாலைக்குப் போகும் அதே பஸ்ஸில் பத்திரத்தையும் எடுத்துச் செல்லட்டும். கணவர் இயந்திரத்தில் இருக்கும் நான்கு மணித்தியாலத்தில், மகளையோ சங்கச் செயலாளரையோ துணைக்கு அழைத்துக்கொண்டு மனைவி நகரிலுள்ள கம்பனிக் கிளைக்குப் போய், மேலே சொன்ன கேள்விகளைக் கேட்கட்டும். கிடைக்கும் பதிலை எழுத்தில் வாங்கட்டும். அதன்பின் கட்டுவதா விடுவதா என்பதைக் குடும்பமாக இருந்து தீர்மானிக்கலாம்.

பக்கத்து வீட்டில் நோய் இன்னும் வரவில்லை. அங்கே செய்ய வேண்டியது இன்னும் இலகுவானது. ஒரு சிறுநீர்ப் பரிசோதனை, ஒரு குருதிப் பரிசோதனை, மாதம் நூறு ரூபா. அடுத்த சங்கக் கூட்டத்தில் இதை யார் எழுந்து பேசப்போகிறீர்கள்?